நீலப் பை என் வாசலுக்கு வந்த சனிக்கிழமை

இயேசு மரி சூசை

இராயபுரம்,
புதன்கிழமை

அன்பு மகன் சாவியோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலம் என்று எழுதுவதற்குக்கூட இனி உன்னிடம் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது, என் நலத்தைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அங்கே பெர்த்தில் நீயும் ரமாபாயும் குழந்தை ஷாலுவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கோபமாக இருக்கும்போதும் வேண்டிக்கொள்கிறேன், அது வேறு, இது வேறு. போனில் சொன்னால் நீ சரிம்மா, சரிம்மா என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய், பின்னாலிருந்து ஷாலு பொம்மையைக் காட்டுவாள், எனக்குக் கோபம் இறங்கிவிடும். இந்தக் கோபம் இறங்கக் கூடாது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், தபால் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாள் ஆனாலும் பரவாயில்லை, இது ஆறிப்போகிற சமாசாரம் இல்லை.

காகிதம் எது என்று பார்த்தாயா? நீ பார்சலில் அனுப்பிய நன்றி நோட்டிலிருந்து கிழித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கோடு போட்டு, இன்றைக்கு எதற்கெல்லாம் நன்றி என்று எழுத வேண்டுமாம், எழுதினால் மனம் இலேசாகுமாம், உன் ஆபீஸில் எல்லோரும் எழுதுகிறார்களாம். நானும் எழுதிப் பார்த்தேன். முதல் நாள், குழாயில் தண்ணீர் வந்தது என்று எழுதினேன். இரண்டாம் நாள், வந்த தண்ணீரில் நாற்றம் இல்லை என்று எழுதினேன். மூன்றாம் நாள் தண்ணீரும் வரவில்லை, நான் எழுதவும் இல்லை. எழுபத்தாறு வயதில் எனக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுக்கிறாயா நீ? கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா, யாரிடம் எதை வாங்கினாலும் பொழுது சாய்வதற்குள் நன்றிச் சீட்டு அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், எழுத்துப் பிழை இல்லாமல். இன்று வரைக்கும் நான் தவறவிட்டதில்லை. உன் அப்பா வால்டர் செத்தபோது மாலை கொண்டுவந்த அறுபத்து மூன்று பேருக்கும் சீட்டு எழுதிய கை இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். மூன்று முறை தட்டி, நிறுத்தி, பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் காத்திருந்தார்கள். அந்தத் தட்டல் எனக்குத் தெரியும், அப்படித்தான் தட்ட வேண்டும் என்று நம் கோவில் உதவிக் குழுவுக்குச் சட்டம் போட்டவளே நான். ஹார்பர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், பன்னிரண்டு சட்டங்களை மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தேன், ஒரு பிரதி இன்னமும் கோவில் ஆபீஸ் அலமாரியில் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை வேலைக்கு இன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள், கால் சரியில்லாததால் ஒரு மாதமாகப் போகவில்லையே, விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, காப்பிக்குப் பால் இருக்கிறதா என்று யோசித்தபடியே கதவைத் திறந்தேன். சிலுவையம்மாளும் ஐஸ் கம்பெனி ஸ்தனிசும் நிற்கிறார்கள். சிலுவையம்மாள் கையில் பை. எழுத்துள்ள பக்கம் தன் உடம்போடு ஒட்டியிருக்கிற மாதிரி திருப்பிப் பிடித்திருக்கிறாள். பையை ஒழுங்காகப் பிடிக்கக்கூடத் தெரியாதா என்று நான்தான் வாங்கி, நேராகத் திருப்பி, வாசற்படியில் வைத்தேன். நீல நிறப் பை, அதில் வெள்ளையில் ஒரு சாண் எழுத்தில் 'பிறரன்பு' என்று இருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்காரன் பையை மாற்றி ஏமாற்றக் கூடாது என்பதற்காக அந்த நிறத்தையும் அந்த எழுத்தையும் தேர்ந்தெடுத்தவளும் நான்தான். இந்தத் தெருவில் அந்தப் பையைத் தெரியாதவர்கள் கிடையாது. அது எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பை யாருக்கு, அடுத்த வீடு எது என்று கேட்டேன். ஸ்தனிஸ் தரையைப் பார்த்தான். சிலுவையம்மாள்தான், "இந்த வூட்டுக்குத்தான் டைப்பம்மா. சாவியோ தம்பி போன் பண்ணிச்சு, அம்மா தனியா கீறாங்க, வாரா வாரம் போய்ப் பாருங்கன்னு சொல்லிச்சு. கோவிலுக்குக் காணிக்கையும் அனுப்பிச்சு. சாமியாரு லிஸ்ட்ல ஏத்திட்டாரு," என்றாள்.

லிஸ்டில். உன் அம்மாவை. நாற்பது வருஷம் கொடுத்த கையை ஒரு போனில் வாங்குகிற கையாக மாற்றிவிட்டாய். யாரைக் கேட்டுச் செய்தாய்? நீ தாராள மனசுக்காரன்தான், சின்னதிலேயே உன் பென்சிலைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு வருவாய், ஆனால் இப்போது நீ கொடுத்தது உன் பென்சிலை இல்லை, என் பேரை. குழுவுக்கு வேறு வழி தெரியாது, சட்டப்படிதான் நடப்பார்கள். பெயர் ஏறினால் பை வரும், பை வந்தால் சமையலறையைப் பார்ப்பார்கள், நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள். சிலுவையம்மாள் அப்படியே செய்தாள். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, அலமாரியைப் பார்த்து, "பிரெட்டும் ரஸ்க்கும்தான் கீது, சோறு ஆக்கறதில்லியா?" என்று கேட்டாள். என் சமையலறையில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

எனக்குக் கண் இருண்டுவிட்டது சாவியோ. பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே தள்ளினேன். மாடிப்படி விளிம்பில் விழுந்து காது அறுந்து, துவரம்பருப்புப் பொட்டலம் உடைந்து, படி முழுக்கப் பருப்பு கொட்டிக்கொண்டே கீழே போனது. கீழ்வீட்டு ஷரீஃபுன்னிசா அலறிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இன்னா டைப்பம்மா, பருப்பு மேல இன்னா கோவம், அது இன்னா பாவம் பண்ணிச்சு?" என்றாள். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். தமிழிலும் சொன்னேன், இங்கிலீஷிலும் சொன்னேன். சிலுவையம்மாள் படியில் உட்கார்ந்து பருப்பைக் கூட்டி அள்ளினாள். எல்லாவற்றையும் அள்ளி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பதினோரு வருசம் நான் இந்தப் பையை வாங்கினேன். ஒரு தபா தூக்கிப் போட்டேனா? போட்டிருந்தா நீங்க பேரை அட்ச்சிருப்பீங்க. கொருக்குப்பேட்டை ரயில் கேட்டாண்டயே உங்க வண்டி நின்னுடும், அங்கேர்ந்து வூடு வரைக்கும் பையை எழுத்துப் பக்கம் உள்ளே திருப்பித்தான் எட்துகினு போவேன், நீலப் பை வூட்டுப் பொண்ணுன்னு எம் பொண்ண இஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கோ. உங்களுக்கும் அப்டித்தான் திருப்பி எட்துகினு வந்தேன். நீங்கதான் நேராக்கினீங்க," என்றாள். கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவளை உனக்குத் தெரியும்தானே, புருஷன் விசைப்படகில் கை நசுங்கி வேலை இல்லாமல் கிடந்தபோது ரயில்வே லைன் ஓரத்தில் குடியிருந்தார்கள், வாரா வாரம் நான்தான் போவேன். பிள்ளைகள் தலையெடுத்ததும் அவளே வந்து குழுவில் சேர்ந்தாள். நான்தான் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன், அதையே என்னிடம் செய்து காட்டிவிட்டுப் போனாள்.

என் பெயரை இப்போதே அடி என்று ஸ்தனிசிடம் சொன்னேன். அவன் நோட்டைத் திறந்து, அட்டையில் ஒட்டியிருந்த சட்டத்தில் விரலை வைத்து, "ஏழாம் நம்பர் டைப்பம்மா. மானஸ்தங்க மொத தபா வேணாம்னுதான் சொல்வாங்க, ரெண்டாந்தபா போய்ப் பாக்காம பேரை அடிக்காதேன்னு கீது. நீங்க அட்ச்சதுதான்," என்றான். கேலி செய்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை, பாவம், பயந்துபோய்த்தான் படித்தான். ஆக வருகிற சனிக்கிழமை மறுபடியும் வருவார்கள். அன்றைக்கும் நான் வேண்டாம் என்றால் பெயர் போய்விடும், திரும்ப ஏறாது, அதுவும் நான் போட்ட சட்டம்தான். பெயர் போகட்டும். ஆனால் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நான் குழுக் கூட்டத்தில் போய் உட்காருவேன், அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவாளா, சொல். நாற்பது வருஷமாக எனக்கென்று இருந்த ஒரே வேலையை உன் போன் கெடுத்துவிட்டது.

நான் குளியலறையில் விழுந்ததை உனக்குச் சொன்னது ஷரீஃபுன்னிசா மகன் தப்ரேஸ் என்று எனக்குத் தெரியும். அவனும் அவன் அம்மாவும்தான் கதவை நெம்பி உள்ளே வந்து தூக்கினார்கள். மறுநாளே பிளம் கேக் வரவழைத்து நன்றிச் சீட்டும் வைத்துக் கொடுத்தனுப்பினேன். அதற்கு ஷரீஃபுன்னிசா, "மாடி வூட்லேர்ந்து கீழ் வூட்டுக்கு லெட்டர் போட்ட மொத மனுசி நீங்கதான், ஏன், இன்னொரு தபா நாங்க தூக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு அது தரக்குறைவான பேச்சாகப் பட்டது. இந்த வாரம் முழுக்க அது காதுக்குள் குடைந்துகொண்டிருக்கிறது, அதற்கும் நீதான் காரணம்.

மற்றபடி செய்தி எதுவும் இல்லை. எம்.கே.பி. நகரிலிருந்து ரமாவின் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள், நன்றாக இருந்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று, தெருமுனைக்குப் போக அரைமணி ஆகிறது. துணி காயப் போட்டால் நிலக்கரித் தூசி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீனைக் கண்ணால் பார்க்க முடியவில்லை, ஐஸில் வைத்ததை விற்கிறார்கள், நான் தொடுவதில்லை. சனிக்கிழமை கதவைத் திறக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு இதை முடித்துத் தபாலில் சேர்க்கிறேன்.

சனிக்கிழமை, மதியம்

வந்தார்கள். ஒன்பதரைக்கே தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை தட்டும் சத்தம் வெளியே நின்று தட்டும்போது ஒரு மாதிரி, உள்ளே உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி. நாற்பது வருஷத்தில் எத்தனை கதவுகளை அப்படித் தட்டியிருப்பேன். தட்டிவிட்டு நின்றார்கள். போகவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. பிறகு சிலுவையம்மாள் படியில் உட்காருகிற சத்தம் கேட்டது, முழங்கால் சொடுக்கியது, "யப்பா" என்றாள். அவளுக்கும் அறுபதாகிறது. என் வீட்டுப் படியில் ஒருத்தி உட்கார்ந்து காத்திருப்பது எனக்கு அவமானம், அதனால்தான் திறந்தேன், வேறு காரணம் கற்பித்துக்கொள்ளாதே. ஸ்தனிஸ் கீழேயே தப்ரேஸ் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டான், பருப்புக்குப் பயந்து. இவள் கையில் பை இல்லை. உள்ளே வா என்று நான் சொல்லும் வரைக்கும் நிலைப்படியைத் தாண்டவில்லை. வந்து நின்று, "உங்களுக்கு இன்னா வோணும், சொல்லுங்கோ," என்று கேட்டாள்.

பன்னிரண்டு சட்டம் எழுதினேனே, அதில் அந்தக் கேள்வி இல்லை. என்ன வேண்டும் என்று ஒரு வீட்டிலும் நான் கேட்டதில்லை. எது வேண்டும் என்று நாங்களே முடிவு செய்து பையில் போட்டுக் கொண்டுபோவோம். எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கால் நகம் என்று வந்துவிட்டது. விழுந்ததிலிருந்து என்னால் குனிய முடியவில்லை சாவியோ. ஆறு வாரமாக நகம் வளர்ந்து வளைந்து போர்வையைக் கிழிக்கிறது. இந்த வெயிலில் சாக்ஸும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு பூசைக்குப் போகிறேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது, ரமாவிடம் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? பெற்ற மகன் கடல் தாண்டி இருந்துகொண்டு அரிசியும் பருப்பும் அனுப்புகிறான், அவனுக்கு என்ன தெரியும்.

 உன் அப்பாவின் நகவெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவள் கீழே உட்கார்ந்து, துண்டை விரித்து, என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய வியாழன் அன்று கோவிலில் சாமியார் பாதம் கழுவுவதை நினைத்துக்கொண்டு நீ அங்கே கண் கலங்க வேண்டாம். அவள் ஜெபம் எதுவும் சொல்லவில்லை, "இன்னா டைப்பம்மா, பருந்து கணக்கா வெச்சிருக்கீங்கோ," என்று சிரித்தாள். வேலையும் சுத்தமில்லை. கட்டைவிரலில் ஒட்ட வெட்டி இரத்தம் வந்தது, நான் திட்டினேன். "திட்டுங்கோ திட்டுங்கோ, அப்பத்தான் நீங்க நல்லா கீறீங்கன்னு தெரியும்," என்றாள்.

வெட்டிக்கொண்டே பழைய கதை ஒன்றைச் சொன்னாள். ஒரு ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போய், வழக்கம்போலப் பானை மூடியைத் திறந்து பார்த்தேனாம். சங்கரா மீன் குழம்பு இருந்ததாம். மீன் ஆக்குகிற வீட்டுக்குப் பை எதற்கு என்று கேட்டேனாம். எனக்கும் ஞாபகம் இருந்தது. நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கும், ஒரு வாரம் நிறுத்தி வைக்கவும் என்று. சிலுவையம்மாள் தலையைத் தூக்காமலே, "அந்தக் கொழம்பு உங்களுக்குத்தான் வெச்சது டைப்பம்மா. எவ்ளோ நாளா வாங்கறோம், ஒரு நாளாவது நம்ம கையால அவங்களுக்குச் சோறு போடணும்னு வூட்டுக்காரரு ஒத்தக் கையோட போயி காசிமேட்டுல கேட்டு வாங்கியாந்தாரு. சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க நோட்டுல எழுதிகினு இருந்தீங்கோ," என்றாள். குத்திக்காட்டவில்லை சாவியோ. அடுத்த காலைத் தூக்குங்கோ என்கிற குரலிலேயே இதையும் சொன்னாள்.

இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பின்னாலேயே வீடு வீடாக நடந்திருக்கிறாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், சிஸ்டர் பெர்னதெத்துக்கும் தெரியும். நான் சொன்னது, சுண்டுவிரலை விட்டுவிட்டாய் என்று. அதையும் வெட்டினாள்.

நோட்டில் பெற்றுக்கொண்ட பொருள் என்கிற இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம் என்றாள். நோட்டு நோட்டாக இருக்க வேண்டும் என்று வாங்கி, நகம் வெட்டியது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயரை அடிக்கச் சொல்லவில்லை. பை வரக்கூடாது, அந்த நீலப் பை இனி எந்த வீட்டுக்குமே போகக்கூடாது, வெள்ளைப் பை தைக்க வேண்டும், எழுத்து எதுவும் கூடாது, இதைக் கூட்டத்தில் நானே பேசுவேன். மூடி திறக்கிற ஐந்தாம் சட்டத்தையும் அடிக்க வேண்டும், அதையும் பேசுவேன். அவள் கிளம்பும்போது அலமாரியில் கேக் டப்பா முழுதாக இருந்தது, என் கை அதற்குப் போகத் துடித்தது, கொடுக்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பினேன். நான் இதுவரை செய்யாத காரியம். அதற்குப் பதிலாக, தடைக்காலம் முடிந்ததும் நான் உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன், சங்கரா குழம்பு வை என்றேன். கேட்பது போல வரவேண்டிய வார்த்தை, உத்தரவு போலத்தான் வந்தது. அவள் படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி நின்று, "வாங்கோ டைப்பம்மா, இந்த தபா மூடிய நானே தொறந்து காட்டறேன்," என்றாள். கீழே ஷரீஃபுன்னிசா அதைக் கேட்டுவிட்டு, எதற்கு என்றே தெரியாமல் சிரித்தாள்.

உன் மேல் கோபம் போகவில்லை, போனதாக நினைத்துக்கொண்டு போன் பண்ணாதே. ஆண்டவர் உன்னையும் ரமாவையும் காக்கட்டும், ஷாலுவின் நெற்றியில் என் பேரைச் சொல்லிச் சிலுவை போடு, அவளுக்குச் சளி பிடித்தால் உடனே ஆங்கில மருந்துக்கு ஓடாமல் இரண்டு நாள் பார். ஒன்றை மட்டும் மறக்காதே. சிலுவையம்மாள் எண் உன்னிடம் இருக்கிறது. அவளைக் கூப்பிட்டு நன்றி சொல்லாதே, அவளுக்கு எதையும் அனுப்பாதே. அது உன் வேலை இல்லை, என் வேலை. நான் இன்னும் சொல்லவில்லை.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அம்மா
ஜெசிந்தா வால்டர்